குலசை வண்டி போன தடம்

திருச்செந்தூர் ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. சென்னை எழும்பூரிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த செந்தூர் எக்ஸ்பிரஸ் காலையில் இங்கே நின்றதும், பையும் மூட்டையுமாகக் கூட்டம் இறங்குகிறது. மொட்டை போட வந்த குடும்பம், காது குத்த வந்த குடும்பம், வேண்டுதலுக்கு வந்த வயசாளிகள் என்று எல்லோரும் ஆட்டோவைத் தேடி வாசலுக்குப் போகிறார்கள். முருகன் கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். இதற்கு அப்பால் தெற்கே ரயில் கிடையாது. ஆலந்தலைக்கும், குலசை என்று சுருக்கிச் சொல்லும் குலசேகரப்பட்டினத்துக்கும், மணப்பாட்டுக்கும் போக வேண்டியவர்கள் பஸ் ஏற வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. அன்று திருச்செந்தூருக்குத் தெற்கேயும் ஒரு வண்டி ஓடியது. திருச்செந்தூரையும் குலசேகரப்பட்டினத்தையும் உடன்குடியையும் திசையன்விளையையும் இணைத்த அந்தச் சின்ன ரயிலுக்குக் ‘குலசேகரப்பட்டினம் லைட் ரயில்வே’ என்று பெயர். தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. டார்ஜிலிங் மலை ரயிலுக்கும் அதே அகலம்தான். இன்றைய அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. அந்தச் சின்ன ரயில் பாதையின் நீளம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நடத்தியது அரசாங்கம் அல்ல, பாரி கம்பெனியைச் சேர்ந்த ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ் நிறுவனம்.

சர்க்கரைக் கம்பெனிக்கு ரயில் எதற்கு? பதில் தேரிக்காட்டில் இருக்கிறது. உடன்குடியிலிருந்து திசையன்விளை வரைக்கும் செம்மணல் தேரியும் பனங்காடும்தான். பனையேறிகள் இறக்கிய பதநீரை அவர்கள் வீட்டுப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக வார்த்தார்கள். அந்தக் கருப்பட்டியைக் குலசையில் இருந்த ஆலைக்குக் கொண்டுவந்து சீனியாக்கியது கம்பெனி. மணலில் மாட்டுவண்டிச் சக்கரம் புதைந்த இடத்தில் சின்ன ரயில் சுலபமாகப் போனது. சரக்கோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டது.

1940இல் அந்த ரயில் நின்றுபோனது. மோட்டார் பஸ் வந்தபின் நாடு முழுக்கச் சின்ன ரயில்கள் பயணிகளை இழந்துகொண்டிருந்த காலம் அது. ரயிலுக்கும் சாலைக்குமான போட்டியை ஆராய்வதற்கென்றே மிட்செல்–கிர்க்னஸ் குழுவை 1930களின் தொடக்கத்தில் அரசு அமைத்திருந்தது. திருநெல்வேலி ஜில்லா போர்டின் முயற்சியால் 1923இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை பிழைத்துக்கொண்டது. மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையாகி, மின்மயமும் ஆகிவிட்டது. குலசை வண்டிக்கு அந்த யோகம் இல்லை. தண்டவாளம் போய், வழி மட்டும் பேச்சில் மிஞ்சியது.

பழைய தடம், புதிய நடை

ஓட்டம் நின்ற ரயில் பாதையை நடப்பதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் ஏற்ற வழியாக மாற்றுவது இப்போது உலகின் பல நாடுகளில் நடக்கிறது. ‘ரயில் டிரெயில்’ என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் மட்டும் இப்படிப்பட்ட பாதைகள் 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. ஸ்பெயினில் ‘பசுமை வழிகள்’ என்ற பெயரில் 1993 முதல் நாடு தழுவிய திட்டமாகவே நடத்துகிறார்கள்.

ரயில் தடத்தை விரும்புவதற்குப் பொறியியல் காரணம் ஒன்று உண்டு. இரும்புச் சக்கரத்துக்கு மேடு ஆகாது. நூறு அடி போனால் ஓரடி ஏறுவதையே ரயில்காரர்கள் ஏற்றம் என்று கணக்கில் வைப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளத்தில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம் வரை அனுமதி உண்டு. ஆகவே ரயில் போன வழி, சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் இயல்பாகவே ஒத்துவருகிறது.

ஆனால் பாதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. நடக்க வருபவர் எங்கே இறங்குவார், வண்டியை எங்கே விடுவார், எங்கே தண்ணீர் குடிப்பார், எங்கே ஒதுங்குவார் என்பதையெல்லாம் தொடங்கும் இடத்திலேயே தீர்த்துவைக்க வேண்டும். இந்தப் பாதைகள் நன்றாக நடக்கும் ஊர்களைப் பார்த்தால், முதல் அரைக் கிலோமீட்டரில்தான் அதிக யோசனை செலவாகியிருப்பது தெரியும்.

ஐந்நூறு பேர் ஊரில்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெண்டல் என்றொரு கிராமம். மக்கள்தொகை ஏறக்குறைய 500. 1960களில் எல்ராய்–ஸ்பார்ட்டா ரயில் பாதை மூடப்பட்டபோது, அந்த 50 கிலோமீட்டர் தடத்தை மாநில அரசு நடைபாதையாக்கியது. அந்த நாட்டின் ரயில் டிரெயில்களுக்கெல்லாம் முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். கெண்டலின் பழைய ஸ்டேஷன் கட்டடம்தான் இன்று பாதையின் தலைமையிடம். அனுமதிச் சீட்டு, வாடகைச் சைக்கிள், வரைபடம் எல்லாம் அங்கேதான்.

இந்தப் பாதையில் மூன்று சுரங்கங்கள் உண்டு. நீளமானது ஒரு கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே விளக்கு கிடையாது, மேலிருந்து நீர் சொட்டும். எனவே டார்ச்சும் மேல்சட்டையும் கொண்டுபோகும்படி கிளம்பும் இடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நடுவழியில் போய்ச் சொல்லி என்ன பயன்?

நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் 1990இல் நின்றுபோன ரயில் பாதையை அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை வாங்கி, 2000ஆம் ஆண்டில் 152 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாகத் திறந்தது. ஒரு முனையில் கிளைட், மறுமுனையில் மிடில்மார்ச், இரண்டும் சிற்றூர்கள். ரயில் நின்றதும் களையிழந்த ஊர்களில் சைக்கிள்காரர்களுக்காகத் தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் திறந்தன. தண்டவாளப் பராமரிப்பு ஆட்களின் கொட்டகைகள் போன்ற சிறு கூடங்களில் அந்தந்த இடத்தின் கதையை எழுதிவைத்திருக்கிறார்கள். வெயிலோ மழையோ வந்தால் ஒதுங்க இடமாயிற்று, ஒதுங்கியவர் படிக்க விஷயமும் ஆயிற்று. ரான்ஃபர்லி ஊரின் பழைய ஸ்டேஷனில் தகவல் மையம் இயங்குகிறது.

தமிழர் கால்பட்ட தண்டவாளம்

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். அங்கே தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடியது மலாயா ரயில். நிலம் சிங்கப்பூரில், உரிமை மலேசியாவிடம். 1990இல் போட்ட ஒப்பந்தம் இருபது ஆண்டுகள் இழுபறியாகி, 2010இல்தான் தீர்ந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. மனை போட்டு விற்றிருந்தால் கோடிகோடியாகக் கிடைத்திருக்கும் அந்த 24 கிலோமீட்டர் தடத்தை, மக்கள் கேட்டுக்கொண்டபடி பசுமை வழியாகவே வைத்துக்கொண்டது அரசு.

இந்த ரயிலில் வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். குவீன்ஸ்டவுன் பகுதியில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் தண்டவாளத்தை ஒட்டி ரயில் தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட சிறு கோயிலில் இருந்து வளர்ந்ததுதான்.

இதே பாதையில், அதே 1932இல் கட்டியது புக்கிட் தீமா நிலையம். செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகச் சின்னஞ்சிறு கட்டடம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்க, ஸ்டேஷன் மாஸ்டரும் ஓட்டுநரும் ‘டோக்கன்’ மாற்றிக்கொள்ளும் பழைய முறை இங்கே கடைசிவரை நடந்தது. நிலையத்தைப் புதுப்பித்து 2022 ஜூலை 1 அன்று மக்களுக்குத் திறந்தார்கள். தண்டவாளத்தில் ஒரு துண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். சிக்னல் நெம்புகோல்களைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ரயில் ஊழியர்கள் குடியிருந்த வீடு காபிக் கடையாகிவிட்டது. பக்கத்தில் கழிப்பறை, உட்கார இடம், புல்வெளி. கட்டணம் எதுவும் இல்லை. வாரக் கடைசியில் தாத்தா பாட்டியோடு வரும் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த நிலையமே போதும். பாதையில் முழுக்க நடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

நம் பக்கத்து அனுபவம்

தமிழ்நாட்டில் அழிந்துபோன ரயிலைப் பார்க்கக் கூட்டம் கூடும் இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவைத் தாண்டி அடித்த புயலில் ஊரும் போயிற்று, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் போயிற்று. இடிந்த ஸ்டேஷன் சுவரும் தேவாலயமும் மட்டும் நிற்கின்றன. பல்லாண்டு காலம் மணலில் வேன் வைத்துத்தான் அங்கே போக முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின், ராமேஸ்வரம் வருபவர்களில் பெரும்பாலோர் அங்கேயும் ஒரு நடை போய்விட்டு வருகிறார்கள். சாலை போட்டதும் கார்கள் முனைவரை வந்தன. ஆனால் கார் வரும் இடத்துக்கு நிறுத்துமிடமும் கழிப்பறையும் நிழலும் அதே அளவில் வேண்டும் என்பது தனுஷ்கோடியில் உச்சிவெயிலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பாடம் சென்னை மெரினாவில். சக்கர நாற்காலியில் வருபவர்களும் அலையருகே போகட்டும் என்று 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து கடற்பக்கப் பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். கடற்கரையில் எதைக் கட்டினாலும், உடைந்ததும் கழற்றி மாட்டுகிற மாதிரிக் கட்டுவது நல்லது என்பதற்கு அது சாட்சி.

ஆலந்தலையில் தொடங்கினால்

குலசை வண்டி போன தடத்தையும் இப்படி ஒரு நடைவழியாக்கலாம் என்றால், ஆலந்தலையிலிருந்து யோசிக்கலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது ஆலந்தலை. முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று. கத்தோலிக்கப் பரதவர் ஊர். திரு இருதய ஆண்டவர் ஆலயத்துக்கு வெளியூரிலிருந்து யாத்திரையாக வருபவர்கள் உண்டு. முத்துக்குளிப்பு ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று பிழைப்பு மீன்பிடிதான். கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்ததால் அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்டு ஊர்மக்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

குலசை வண்டி போன திக்கிலேயே இன்று தூத்துக்குடி–திருச்செந்தூர்–கன்னியாகுமரி சாலை போகிறது. அதில் நடப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் கந்தசஷ்டிக்கும் பச்சையும் காவியும் உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் தெற்கிலிருந்து வருகிறது. தள்ளுவண்டியில் முருகன் படம், ஸ்பீக்கரில் பாட்டு, முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை. பக்கத்திலேயே லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். தசரா என்றால் ஓட்டம் எதிர்த்திசையில். குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டுக் காளியும் குறவனும் குரங்கும் போலீஸுமாக வேஷம் கட்டியவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துப் போவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்குக் கூடும் கூட்டம் லட்சக்கணக்கில். மற்ற நாடுகள் பாதையைப் போட்டுவிட்டு நடப்பவர்களைத் தேடின. இங்கே ஆள் தயாராக இருக்கிறது.

இதனால் தொடக்க இடத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. வருபவர்கள் இறங்குவது திருச்செந்தூர் ரயில் நிலையத்தில். அம்ரித் பாரத் திட்டத்தில் சேர்த்த நிலையங்களில் அதுவும் ஒன்று. கோயிலிலும் பக்தர் வசதிகளுக்காக 300 கோடி ரூபாய்ப் பெருந்திட்டம் தொடங்கி, அதையொட்டி 2025 ஜூலை 7இல் குடமுழுக்கும் நடந்தது. நெரிசல் மிகுந்த கோயில் வாசலிலிருந்து நடையைத் தொடங்குவதைவிட, நிலையத்திலிருந்து தெற்கே திரும்பி, ஆலந்தலையில் முதல் தங்கல் வைப்பதே வசதி. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அதுவரை போய்த் திரும்பினால் போதும். திடமானவர்கள் சுமார் 13 கிலோமீட்டரில் குலசையையும், அதைத் தாண்டினால் புனித சவேரியார் தங்கிய குகை இருக்கும் மணப்பாட்டையும் தொடலாம்.

ஆலந்தலைத் தங்கலில் என்னென்ன வேண்டும்? முதலில் தண்ணீர். கடலோரத்தில் உப்பில்லாத தண்ணீரின் அருமை திருச்செந்தூர்க் கோயிலின் நாழிக்கிணற்றில் நீராடிய எவருக்கும் தெரியும். அடுத்து கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளும் இரவில் விளக்கும் உள்ளதாக. அதில் ஒன்றாவது 90 சென்டிமீட்டர் அகல வாசலோடு, சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்ப இடம் உள்ளதாக. பாதையின் வாயிலில் பைக் நுழையாமல் குறுக்குக் கம்பம் நடுவது நம் ஊர் வழக்கம். அதே கம்பம் சக்கர நாற்காலியையும் மறித்துவிடாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதைச் சலுகையாக அல்ல, கடமையாகவே சொல்கிறது.

நிழலுக்குத் தகரக் கொட்டகை போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. பூவரசும் புன்னையும் வேம்பும் இந்த உப்புக்காற்றைத் தாங்கும். மரம் வளரும்வரை பனையோலைப் பந்தல் போதும். ஓலைக்கு இங்கே குறைவில்லை.

கட்டடம் எழுப்பக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே நிற்குமே என்பார்கள். 2019ஆம் ஆண்டு அறிவிக்கை கடற்கரையில் தற்காலிகக் கழிப்பறை, உடைமாற்றும் அறை, குடிநீர் வசதி, இருக்கை ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மெரினா தந்த பாடத்துக்கும் இது ஒத்துப்போகிறது.

வழிப்பலகை எழுதுவதில் கஞ்சத்தனம் கூடாது. அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீட்டரில், அடுத்த கழிப்பறை எங்கே, திரும்பி வர எந்த பஸ், அவசரத்துக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093 என்று தமிழில் பெரிய எழுத்தில் இருந்தால் நடப்பவருக்குத் தைரியம். கதை சொல்லவும் இந்த வழியில் சரக்கு நிறைய. முத்துக்குளித்தல், இரண்டடி ரயில், புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி, 1942இல் உப்பு அதிகாரி லோன் கொல்லப்பட்ட குலசை வழக்கு, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய இஸ்ரோ ஏவுதளம் என்று வரிசையாக எழுதலாம்.

ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன? வெளியாள் வந்து போகும் வழி என்றால் மீனவர் ஊரில் தயக்கம் வருவது நியாயம். வலை உலர்த்தும் இடத்திலும் மீன் ஏலம் போடும் இடத்திலும் கார் நிறுத்தினால் சண்டைதான் வரும். எனவே வண்டி நிறுத்துமிடம் சாலைக்கு மேற்கே இருக்க வேண்டும். கரைப் பக்கம் நடை மட்டும். பதநீரும் நுங்கும் சில்லுக்கருப்பட்டியும் பொரித்த மீனும் விற்கும் கடைகளை உள்ளூர்ப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கே ஒதுக்கினால், கழிப்பறையைக் கழுவிப் பூட்டித் திறக்கும் பொறுப்பையும் சம்பளம் கொடுத்து அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

சுமைதாங்கி நாட்டில்

வழிநடையாளருக்கு வசதி செய்வது மேல்நாட்டிலிருந்து கற்க வேண்டிய வித்தையும் அல்ல. மதுரையிலிருந்து தெற்கே போன பழைய பெருவழியை இன்றும் மங்கம்மாள் சாலை என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். 1689 முதல் 1706 வரை ஆண்ட அந்த ராணியின் பெயர் நிலைத்ததற்குச் சாலையும் சத்திரமும்தான் காரணம். தென்மாவட்டச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இன்னும் கிடக்கிறது: இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருபவர், யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து மறுபடி தூக்கிக்கொள்ளும் உயரத்தில் அது இருக்கும். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள். பயன்படுத்துபவரின் தோள் உயரத்தை அளந்து செய்த பொது வசதி அது.

வழிப்போக்கருக்கு உதவும் அந்தப் பழக்கம் போய்விடவும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அடித்துப்போனது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நாலாப்புறமும் வெள்ளம். அரசு உதவி வந்துசேரும்வரை, பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசி பருப்பைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள்.

குலசைத் தடத்தை நடைவழியாக்குவதில் உண்மையான சிக்கல் நிலம்தான். சிங்கப்பூரில் 24 கிலோமீட்டரும் ஒரே நாளில் ஒரே கைக்கு வந்தது. ஒடாகோவில் அரசுத் துறை ஒன்றே மொத்தத் தடத்தையும் வாங்கியது. குலசை ரயிலோ தனியார் கம்பெனியுடையது. நின்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. எந்தத் துண்டு புறம்போக்கு, எந்தத் துண்டு பட்டா, எது சாலைக்குள் போய்விட்டது என்பதை வருவாய்த் துறையின் அ–பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகத் தேட வேண்டும். தடம் கிடைக்காத இடங்களில் சாலையோரத்திலேயே தடுப்பு வைத்துத் தனி நடைபாதை போடலாம். திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலை வரைக்குமான முதல் துண்டுக்கு இந்த வேலையைச் செய்து முடித்தால், அடுத்த தைப்பூச பாதயாத்திரைக் கூட்டத்தை வைத்தே தண்ணீர்க் குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, விளக்கு எத்தனை அடிக்கு ஒன்று என்ற கணக்கைப் போட்டுவிடலாம்.